முதலாம் குறுக்குத் தெருவில் 'டிஜிட்டல்' அம்ப்ளிபயர் வாங்கப் போகிறவர்களுக்கு

கடையின் பெயர் வேண்டாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய ஒரு சின்னப் பெட்டியால் தேவையே இல்லாமல் 33,000 ரூபாவை விட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோல் சுவருக்குள் அப்பா காலத்தில் பதித்த ஸ்பீக்கர் வயர் மூன்று: இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கறுப்பு. பழைய அம்ப்ளிபயர் இருபது வருஷம் அதிலேயே பாடியது. அது செத்ததும், கடைகளில் 'டிஜிட்டல்' என்று விற்கிற இந்தக் கிளாஸ் டி வகை அம்ப்ளிபயர் பெட்டியை வாங்கினேன். உள்ளே டிபிஏ3116 சிப். மூன்று வயர் விஷயத்தைச் சொல்லித்தான் வாங்கினேன். "அதெல்லாம் பொடியன் வந்து பூட்டுவான் தம்பி" என்றார் முதலாளி.

பொடியன் வந்தான். பெட்டியின் இரண்டு கறுப்பு முனைகளையும் முறுக்கி, சுவரிலிருந்து வந்த கறுப்போடு சேர்த்தான். ரேடியோச் செய்திக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டைப் போட்டுச் சத்தம் கூட்டினால் பட்டென்று நின்றுவிடும். "அடப்டர் காணாது" என்று 4,500 ரூபாவுக்குப் பெரிய அடப்டர் விற்றார்கள். அப்போதும் நின்றது. பிறகு பொடியனே வந்து வலது ஸ்பீக்கருக்கு மட்டும் தனியாக இரட்டை வயர் இழுத்தான். நிற்பது நின்றது, ஆனால் பேஸ், அதாவது அடித்தொனி, முழுக்கக் காணாமல் போனது. "ஸ்பீக்கர் பழசு, சப்வூபர் போடுங்க" என்றார்கள் கடையில். பேஸுக்கென்றே உள்ள அந்தத் தனி ஸ்பீக்கர் 28,500.

கடைசியில் கொட்டாஞ்சேனையிலிருந்து அத்தான் மீட்டரோடு வந்தார். பாட்டு எதுவும் ஓடவில்லை. அடப்டரின் மைனஸில் ஒரு கம்பியை வைத்து, மற்றதால் ஸ்பீக்கர் முனை நான்கையும் தொட்டார். சிவப்பிலும் 12 வோல்ட், கறுப்பிலும் 12 வோல்ட். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம். "கறுப்பு கிரவுண்ட், அதாவது பூஜ்ய வோல்ட் பொது முனை என்றால் 12 எப்படி வரும்?" என்றார்.

விஷயம் இதுதான். என் பழைய பெட்டியில் கறுப்பு வெறும் கிரவுண்ட், எத்தனையைச் சேர்த்தாலும் பாதகமில்லை. இது பிரிட்ஜ் வகை. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் தனித்தனி டிரான்சிஸ்டர் ஜோடிகள் எதிரெதிராக ஓட்டுகின்றன. 24 வோல்ட் அடப்டர் ஒன்றிலேயே இவ்வளவு சத்தம் வருவது அதனால்தான். இடதின் கறுப்பும் வலதின் கறுப்பும் இரண்டு தனி அவுட்புட். செய்தியில் இரண்டு பக்கமும் ஒரே குரல், அதனால் தாங்கியது. ஸ்டீரியோப் பாட்டில் இரண்டும் வேறாகும், ஒன்றோடொன்று மோதிக் கரண்ட் எகிறும், சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடும். அடப்டரில் பிழையே இல்லை.

அப்புறம் பேஸ். ஒன்றரை வோல்ட் பற்றரியை அம்ப்ளிபயர் பக்க வயர் நுனிகளில், பிளஸைச் சிவப்புக்குப் போன வயரில் வைத்துத் தொட்டார். இடது கூம்பு முன்னால் வந்தது. வலது பின்னால் போனது! பொடியன் புது வயரைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறான். ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் எங்கே கேட்கும்? மாற்றிப் பூட்டினோம். என் 'பழசு' ஸ்பீக்கர் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது.

நிறத்தை நம்பாதீர்கள் என்றும் அத்தான் சொன்னார். பிளஸ், மைனஸ் என்று இரட்டை சப்ளையில் ஓடி, ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் ஓட்டும் அரைப்பிரிட்ஜ் போர்டுகளில் கறுப்பு பெரும்பாலும் கிரவுண்ட்தான். ஆனால் சிலவற்றில் சப்ளை வோல்டேஜ் ஏறாமலிருக்க ஒரு சேனலைத் தலைகீழாக்கி, அந்தப் பக்கம் சிவப்பையே கிரவுண்டில் கட்டியிருப்பார்களாம். அதில் கறுப்பு இரண்டையும் சேர்த்தால் நேராக ஷோர்ட். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி இரட்டை வயர் இழுத்துவிட்டால் எந்த வகைக்கும் பயமில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "வயரிங் எங்கட பொறுப்பு இல்லை, பில்லில் இல்லையே" என்கிறார் முதலாளி. பூட்டுக்கூலி 2,500 ரூபாவைப் பில் இல்லாமல் கையில் கொடுத்தது என் மடத்தனம். அடப்டருக்கும் சப்வூபருக்கும் பில் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். சப்வூபர் மறுபடி அட்டைப்பெட்டிக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.