கிராம சாலைத் திட்டத்துக்கு ஒரு ரிவ்யூ: 5க்கு மூணரை

மிக்ஸிக்கும் போனுக்கும் ரிவ்யூ எழுதுறோம், நம்ம டீசல் காசுல போட்ட ரோட்டுக்கு எழுதக்கூடாதா என்ன. பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தைத்தான் சொல்றேன். 2000 டிசம்பர் 25ல ஆரம்பிச்சது, அப்போ முழுச் செலவும் மத்திய அரசுதான், டீசல் மேல போட்ட செஸ்ங்கற தனி வரியில இருந்து காசு வந்துச்சு, 2015 வாக்குல பெரும்பாலான மாநிலத்துக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40ன்னு பங்கு பிரிச்சுட்டாங்க.

எனக்குப் பிடிச்சது அதோட ரூல். சமவெளில 500 பேர், மலை, பாலைவனம், பழங்குடி பகுதின்னா 250 பேர் இருந்தா ரோடு உண்டு. யார் ஊருன்னு பார்க்காம தலையை எண்ணணும், அவ்ளோதான் (எண்ணிக்கையையே கொஞ்சம் ஏத்திக் காட்டின இடமும் இருக்கு, அது தனிக்கதை).

அந்த ரூலையே பிடிச்சுக்கிட்டு ஆஷர், நோவோசாட்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அந்த மக்கள்தொகைக் கோட்டுக்கு லேசா மேல இருந்த ஊரையும் கீழ இருந்த ஊரையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, 2020ல வெளியான ஆய்வு. ரோடு வந்த ஊர்ல விவசாய வேலைல இருக்கறவங்க பங்கு சுமார் 9 சதவீதப் புள்ளி குறைஞ்சிருக்கு, ஆனா விளைச்சல், வருமானம், சொத்து எதுலயும் சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்ல. அதாவது ரோடு வயலுக்கு எதையும் கொண்டு வரல, வயல்ல இருந்தவங்களை வெளிய வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு. எனக்கு இது ஏமாற்றமா தெரியல. கிணத்துல தண்ணி இல்லாம, அறுத்ததை வைக்க குடோன் இல்லாம, கடனும் கிடைக்காம தார் மட்டும் போட்டா நெல்லு கூடுதலாவா விளையும்? வெளிய போய் சம்பாதிக்க ஒரு வழி இருக்குன்றதே பெரிய விஷயம்.

ஒன்றரை ஸ்டார் கட் பண்ணது பராமரிப்புக்கு. முதல் 5 வருஷம் போட்ட கான்ட்ராக்டரே பார்த்துக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு, நல்ல ஏற்பாடு. அதுக்கப்புறம் மாநிலத்தோட பட்ஜெட் பாடு. ஓர வாய்க்கால் அடைஞ்சா தண்ணி அடியில இறங்கும், மேல பாரம் ஏத்தின லாரி ஓடும், அன்னைக்கே சின்னதா பேட்ச் போட்டா முடிஞ்சிருக்க வேண்டியது நாலு வருஷம் கழிச்சு ரோட்டையே பெயர்த்துப் போடுற செலவாகுது. புது ரோட்டுக்கு கல்வெட்டு வைக்கலாம், பள்ளம் மூடினதுக்கு யாரு வைப்பா?

2024ல நாலாவது கட்டத்துக்கு ஒப்புதல் குடுத்திருக்காங்க, 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி ரூபா, 25,000 குடியிருப்பு. கிலோமீட்டருக்கு சராசரியா ஒரு கோடிக்கு மேல வருது. உங்க பக்கம் வந்தா ரோடு ஆரம்பிக்கற இடத்துல இருக்கற போர்டை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பராமரிப்பு எந்த தேதி வரைக்கும்னு பார்த்து வச்சுட்டு அதுக்குள்ள புகார் குடுங்க.