பெஞ்ச்ட், தி கிரைண்டர்: எதை முதலில் பார்ப்பது?

இரண்டும் ஒரே சீசனில் முடிந்துபோன அமெரிக்க வக்கீல் நகைச்சுவைத் தொடர்கள். 2014இல் யூஎஸ்ஏ நெட்வொர்க்கில் வந்த பெஞ்ச்ட் 12 அத்தியாயங்கள். 2015இல் ஃபாக்ஸில் தொடங்கிய தி கிரைண்டர் 22.

பெஞ்ச்டில் எலைசா கூப் நடித்த நீனா, பெரிய நிறுவனத்தில் பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரத்தில் அலுவலகத்திலேயே வெடித்து, ஏழைகளுக்காக வாதாடும் அரசு வக்கீலாகிறாள். குவியும் கோப்புகள், கட்சிக்காரரின் பெயரைக்கூடப் படிக்க நேரமில்லாத விசாரணைகள். வேலையிடத்தின் வாசனை இதில்தான் இருக்கிறது. காதல் கிளைக்கதைதான் பழைய சோறு.

தி கிரைண்டரில் அலுவலகம் சாக்குதான். தொலைக்காட்சியில் வக்கீலாக நடித்த டீன் (ராப் லோ), ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் உண்மையான வக்கீலான தம்பியின் (ஃபிரெட் சாவேஜ்) வழக்குகளில் மூக்கை நுழைக்கிறான். சட்டம் படிக்காதவன் பேசும் வசனத்துக்கு ஊரே மயங்க, தம்பி மட்டும் பல்லைக் கடிக்கிறான். அந்த எரிச்சல் முகத்துக்காகவே பார்க்கலாம். நீதிமன்றத் தொடர்களின் சூத்திரங்களை அறிந்தவர்களுக்கு இது விருந்து. அறியாதவர்களுக்குப் பாதி நகைச்சுவை நழுவிவிடும்.

என் ஓட்டு கிரைண்டருக்கு. வார இறுதி ஒன்றுதான் கையில் இருக்கிறதென்றால் பெஞ்ச்ட்.