உப்புக்காற்றுக்கு எந்தச் சைக்கிள்: கறுப்பு வண்டியா, கியர் வண்டியா?

எங்கள் பக்கம் புதிதாக ஒரு சைக்கிள் வந்து நின்றால் நாலு பேர் அதைச் சுற்றி வருவார்கள். ஒருவர் குனிந்து பெடலுக்கு அடியில் பார்ப்பார். இன்னொருவர் ஸ்போக்ஸ் கம்பி ரிம்மில் நுழையும் இடத்தை விரலால் தடவுவார். "துருவே காணோமே, என்னண்ணே தடவுறீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் வண்டிக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். மற்ற ஊர்க்காரர்கள் எடையையும் விலையையும் கேட்பார்கள். ராமநாதபுரம் கரையில் துருதான் பேச்சு.

ஞாயிறு காலையில் பாம்பன் சாலைப் பாலம் ஏறுவதற்கு முன்னால் டீக்கடைகளில் சாத்தி நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, அப்பா காலத்து 28 இன்ச் கறுப்பு வண்டி. சாயம் அடித்து, மட்கார்டு மாற்றி, டைனமோ லைட் பூட்டி, மறுபடி ரோட்டுக்கு வந்தது. மற்றது, அலுமினிய ஃபிரேம், டிஸ்க் பிரேக், பின்னால் ஏழு பல்சக்கரம் அடுக்கிய கியர் வண்டி. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. கியர் வண்டி தம்பியுடையது, கறுப்பு வண்டி நான் தேர்ந்தெடுத்தது. துடைப்பது, கழற்றுவது, எண்ணெய் விடுவது எல்லாம் இரண்டுக்கும் என் தலையில்தான். அதனால் நான் எந்தக் கட்சி என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கறுப்பு வண்டிக் கட்சி.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியர் வண்டி எடை குறைவு, வேகம் அதிகம், பிரேக் நம்பிக்கையானது. கறுப்பு வண்டி கனம், மெதுவு, ஆனால் கேரியரில் ஒரு மூட்டை அரிசி வைத்தாலும் முனகாது. பஞ்சர் இரண்டுக்கும் உண்டு. சீமைக் கருவேல முள்ளுக்குப் பாரபட்சம் கிடையாது. முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த மலை வண்டிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் மலை இல்லை. உப்பும் மணலும் அந்த ஃபோர்க்கின் ரப்பர் சீலுக்குள் புகுந்தால் ஸ்பிரிங் வேலை செய்வதையும் நிறுத்திவிடும்.

இனி உப்பு.

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 முதல் 2022 வரை ஓடியது. அத்தனை காலமும் அந்த இரும்பைச் சுரண்டிச் சாயம் அடிப்பதே ஓயாத வேலையாக இருந்தது. 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனி வகைப் பெயிண்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகத்தை உப்புக்காற்றில் வைத்துச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அவர்கள் தகடுகளை வைத்துப் பார்ப்பதை நாங்கள் எங்கள் காசில் சைக்கிளை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"அலுமினியம் துருப்பிடிக்காது, அதனால் கடற்கரைக்கு அதுதான்" என்று கடையில் சொல்வார்கள். ஃபிரேமைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அலுமினிய வண்டி என்பது முழுக்க அலுமினியம் இல்லை. செயின் இரும்பு, ஃப்ரீவீல் இரும்பு, பிரேக் கேபிளும் கியர் கேபிளும் இரும்பு, போல்ட்டுகள் இரும்பு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் பேட்டரி மாதிரி வேலை நடக்கும். அதில் அலுமினியம்தான் முதலில் அரிபடும். அரிபட்டு வெள்ளை மாவாகப் பொங்கும். அந்த மாவு, கரைந்துபோன உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். சீட் கம்பி ஃபிரேம் குழாய்க்குள் இறுகிப்போவது இப்படித்தான். வெளியில் இருந்து பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கும். சீட்டை ஒரு விரல்கடை உயர்த்தலாம் என்று நினைக்கும் நாளில்தான் சங்கதி தெரியும். கேபிளும் அப்படியே. பிளாஸ்டிக் உறைக்குள் எங்கோ ஒரு இடத்தில் துரு கட்டியிருக்கும். கியர் மாறத் தயங்கும்போது கியர் பெட்டியைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள்.

கறுப்பு வண்டி துருப்பிடிக்காதா என்றால், நன்றாகவே பிடிக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிடிக்கும். மட்கார்டு ஓரத்தில், ரிம்மில், பெல் மூடியில். உள்பக்கமாகக் குழாய் அரிப்பதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்து ஃபிரேம் கனத்துக்கு அது உயிரை வாங்க நிறைய காலம் ஆகும். கேபிளே இல்லை, கம்பி பிரேக், அதாவது கெட்டி இரும்புக் கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக். செயினுக்கு முழுக் கவர், மணலும் உப்புச் சாரலும் உள்ளே போக வழி குறைவு. பேரிங் எல்லாம் கழற்றக்கூடிய குண்டுகள். மண்ணெண்ணெயில் அலசி, கிரீஸ் வைத்து, மறுபடி மூடிவிடலாம். ஓவராயில் என்றால் எங்கள் ஊர்க் கடையில் ஒரு சாயங்கால வேலை. கழன்று வரும் எந்தச் சாமானும் அதே கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். தம்பி வண்டியில் மூடிய பேரிங் போனால் அதே அளவு தேடி மதுரைக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூரியர்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதை வெளியூர்க்காரர்கள் யோசிக்கவே மாட்டார்கள். தண்ணீர். கியர் வண்டியைக் கடற்கரைப் பயணத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். சரி, நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? ராமநாதபுரம் கரையில் போர் போட்டால் பல தெருக்களில் உப்புத்தண்ணீர்தான் வரும். அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுவதுதான் நடக்கும். குடிதண்ணீர் குழாயில் வருவதும் லாரியில் வருவதும் குடம் கணக்கு. அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் செயினில் ஊற்றினால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் உண்டு. மற்ற மாதங்களில் ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று, எண்ணெய்த் துணி ஒன்று என்று மூன்று துணிகளில்தான் பிழைப்பு ஓட வேண்டும்.

மூன்று துணிகளில் பிழைக்கக்கூடியது கறுப்பு வண்டி. அதில் துடைக்க வேண்டிய இடமெல்லாம் கைக்கு எட்டும். டிஸ்க் பிரேக்கில் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குள்ளும் கியர் மாற்றும் கையின் ஸ்பிரிங் மடிப்புகளுக்குள்ளும் துணி போகாது. ஓடுகிற தண்ணீர்தான் போகும். இன்னொரு சங்கடம், எண்ணெய்த் துணியை டிஸ்க் பக்கம் கொண்டுபோகவே கூடாது, பிரேக் பிடிக்காமல் போய்விடும். கறுப்பு வண்டியில் ரிம்மின் பிரேக் கட்டை உரசும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மிச்ச இடமெல்லாம் தைரியமாக எண்ணெய் பூசலாம். பழைய ஆட்கள் தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். வாசனை நன்றாக இருக்கும், ஆனால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயினுக்கு அது வேண்டாம்.

பெருமை பீற்றிக்கொள்வதைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் வண்டி வாங்குவதே அதற்குத்தான். கியர் வண்டியில் காட்டிக்கொள்ள இருப்பது விலை. அதைவிட விலை கூடிய வண்டி வந்து நிற்கும் வரைக்கும் அது செல்லும். கறுப்பு வண்டியில் கதை இருக்கிறது. பழைய ராலே வண்டியின் பெடல் சக்கரத்தில் நாரைத் தலைகள் வெட்டியிருப்பார்கள். பி.எஸ்.ஏ. முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாத்தி நிற்கும். துப்பாக்கி செய்த கம்பெனிதான் பிறகு சைக்கிளுக்கு வந்தது. ஹம்பர் வண்டியில் முன் ஃபோர்க் இரட்டைக் குழாயாக இருக்கும், தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கீழக்கரைப் பக்கத்து வண்டிகளில் பாதிக்கு "வாப்பா கொழும்பிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது" என்ற வரலாறு உண்டு. அந்த வண்டிகளில் சிலவற்றின் ஃபிரேமில் லூதியானா என்று எழுதியிருக்கும். அதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை, அது மரியாதை இல்லை.

ஆனால் பெருமையில் கறுப்பு வண்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. குரோம். ஹேண்டில்பாரும் ரிம்மும் பெல்லும் பளபளப்பதுதான் அதன் அழகே. உப்புக்காற்று முதலில் கைவைப்பதும் அங்கேதான். ஊசிமுனை அளவு புள்ளி விழுந்துவிட்டால் உள்ளுக்குள்ளே பரவும். தேய்க்கத் தேய்க்க மேல்பூச்சுதான் போகும். குரோமைப் புதிதாகப் பூசித் தருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த சிலர் ரிம்மையும் ஹேண்டில்பாரையும் கறுப்பாகவே அடித்துவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிம்மில் அடித்த சாயம், பிரேக் கட்டை உரசும் இடத்தில் சீக்கிரம் போய்விடுகிறது.

கியர் வண்டிக்கு நியாயம் செய்ய வேண்டிய இடம் காற்று. எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் காற்றுதான். பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கீழே படகுகள் போவதற்காக நடுவில் உயர்ந்து இறங்கும். ஆடிக் காற்றில் அதன் மேல் கறுப்பு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து போவது பாய் விரித்த வள்ளத்தை எதிர்க்காற்றில் தள்ளுவதுதான். தம்பி இரண்டு பல் இறக்கிவிட்டு, குனிந்து, பேசிக்கொண்டே போவான். நான் இறங்கித் தள்ளியிருக்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர் வாக்கில். போகும்போது சுகமாகத் தள்ளிவிடும் காற்று, திரும்பும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும். மழையில் கம்பி பிரேக் இரும்பு ரிம்மைப் பிடிப்பது பேருக்குத்தான். லாரி ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழைநாளில் நான் தம்பி வண்டியைத்தான் எடுப்பேன்.

தனுஷ்கோடி ரோடு வேறு கதை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார். காற்று மணலை அள்ளிக் குறுக்கே போட்டிருக்கும். படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வண்டியோடு போகும் இடமும் அதுதான். கியர் வண்டிக்காரர்கள் திரும்பி வந்ததும் பல்சக்கரத்தில் மணல் நறநறப்பதைக் கேட்கலாம். கறுப்பு வண்டியில் செயின் கவருக்குள் என்ன சத்தம் வந்தாலும் வெளியே தெரியாது என்று தம்பி சொல்வான். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. வருஷத்துக்கு ஒரு முறையாவது கவரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

விற்பனை விலை பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் வண்டியை நான் விற்றதில்லை. பார்த்தவரையில், கடற்கரையில் ஓடிய கியர் வண்டியை வாங்க வருகிறவர் முதலில் சீட்டை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார். அது அசையாவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. கறுப்பு வண்டிக்கு இரண்டே விலைதான்: பழைய இரும்புக்காரர் சொல்லும் விலை, இல்லாவிட்டால் ஆசைப்பட்டவர் சொல்லும் விலை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. கார்பன் ஃபிரேம் வண்டிகளை அடுத்தவர் கையில் பார்த்ததோடு சரி, ஓட்டியதில்லை. பின் சக்கரத்தின் நடு உருளையான ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் வைத்த வண்டிகள் இந்தக் கரைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு எண்ணம். பல் வெளியே இல்லை, முழுச் செயின் கவரும் போடலாம், காற்றுக்கு ஒரு கியர் இறக்கியும் கொள்ளலாம். ஒரு நண்பருடையதைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்ததை வைத்துப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அந்த ஹப்பை இங்கே யார் பிரித்துப் பூட்டுவார் என்பதும் தெரிய வேண்டும்.

தினம் கடைக்கு, கோயிலுக்கு, மீன் வாங்க, ஞாயிறு நாலு பேர் நடுவில் நிறுத்த என்றால் கறுப்பு வண்டி. ஆடியிலும் ராமேஸ்வரம் போய்விட்டு அன்றைக்கே திரும்புகிற ஆள் என்றால் கியர் வண்டிதான் வாங்க வேண்டும், அதைத் தடுக்க மாட்டேன். அப்படி வாங்கினால் கடையிலேயே நின்று சீட் கம்பியை வெளியே எடுக்கச் சொல்லி, கிரீஸ் பூசி, மறுபடி இறக்கச் சொல்லுங்கள். ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் பூட்டும் சின்ன நட்டு, அதாவது நிப்பிள், பித்தளையா அலுமினியமா என்று கேளுங்கள். பித்தளை என்றால் எடுங்கள். கேபிள் பிரேக் வண்டி என்றால் உறையோடு கேபிளை வருஷா வருஷம் மாற்றிவிடுங்கள், பழையது நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும்.