டிவி ஸ்டாண்டுக்குள் ஒரு சர்வர்: நாலு வருஷக் கணக்கு

2021 ஜூன் 1-ஆம் தேதியோடு கூகுள் போட்டோஸ் கணக்கில்லாத இலவச இடத்தை நிறுத்தியது. ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். எங்களுக்கோ குழந்தை பிறந்த வருஷம், ஒரு நாளைக்கு நாற்பது போட்டோ. ஊரடங்கில் ஆசைக்கு வாங்கி மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த 4 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டரை எடுத்து, வீட்டுப் போட்டோக்களைச் சேர்த்துவைக்கும் சர்வராக டிவி ஸ்டாண்டுக்குள் வைத்தேன். கூட ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்.

நாலே மாதத்தில் பை இயங்கிக்கொண்டிருந்த மெமரி கார்டு போனது. புதிது போட்டேன், அதுவும் போனது. அதன் இயங்குதளமான லினக்ஸைக் குடைந்தேன், கார்டு பிராண்டை மாற்றினேன். கடைசியில் குற்றவாளி இன்வெர்ட்டரின் பின்னால் இருந்த ஒரு சின்ன சுவிட்ச். அதில் 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று இரண்டு நிலை உண்டு. நார்மலில் இருந்தால் ஈபி கரண்ட் போய் பேட்டரிக்கு மாற ஒரு கணம் பிடிக்கும். ஃபேனுக்கு அது ஒன்றுமேயில்லை; பை மட்டும் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைக்கும், எழுதிக்கொண்டிருந்த கார்டு பாதியில் நிற்கும். வாங்கிய நாள் முதல் எங்கள் வீட்டில் அது நார்மலில்தான் இருந்திருக்கிறது. சர்வர் வைக்க நினைப்பவர்கள் முதலில் இன்வெர்ட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க் கதை தனி. பை 4-இன் நாலு யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது அது காணாது. மானிட்டர் மாட்டியிருந்தால் திரையின் மூலையில் மின்னல் குறி வந்து எச்சரித்திருக்கும். டிவி ஸ்டாண்டுக்குள் யார் பார்த்தார்கள்?

2023-இல் என்100 சிப் உள்ள மினி பிசிக்கு மாறினேன். சும்மா இருக்கும்போது 8 வாட் இழுக்கிறது. இரண்டு மாதப் பில்லில் 12 யூனிட்டுக்கும் குறைவு. நாங்கள் 500 யூனிட்டை ஒட்டியே ஓடுகிறவர்கள், தாண்டினால் ஸ்லாப் மாறும். ஆகவே அந்த 12-க்கும் வீட்டில் கணக்குக் கேட்கப்பட்டது.

ஒருமுறை கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தேன். வீட்டுப் பக்கம் நாள் முழுக்கக் கரண்ட் ஷட்டவுன், இன்வெர்ட்டரும் கவிழ்ந்துவிட்டது. கரண்ட் வந்தும் மெஷின் எழவில்லை. அப்பாவை போனில் பிடித்து, "அந்தக் கறுப்பு டப்பாவில் ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்கப்பா" என்றேன். அவர் செட்டாப் பாக்ஸை அணைத்தார். திரும்பி வந்ததும் மெஷினின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் கரண்ட் வந்தால் தானே கிளம்பும் அமைப்பைப் போட்டேன். வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டியது.

இந்தத் தொல்லையெல்லாம் எதற்கென்றால் இம்மிச்சுக்காக; கூகுள் போட்டோஸ் மாதிரி, ஆனால் நம் மெஷினிலேயே ஓடும் மென்பொருள். அம்மாவின் போன், மனைவியின் போன் இரண்டிலிருந்தும் போட்டோ தானாக ஏறுகிறது. அதன் இயல்பான தேடல் மாடலுக்கு ஆங்கிலம்தான் தெரியும். பன்மொழி மாடலுக்கு மாற்றி எல்லாப் படத்தையும் மறுபடி படிக்கவிட்டேன். இப்போது 'கோலம்' என்று தமிழில் அடித்தால் மார்கழிக் கோலங்கள் வரிசையாக வருகின்றன, நடுவில் இரண்டு மிதியடியும். ஸ்கேன் செய்து ஏற்றிய அம்மாவின் ஆறு வயதுப் படத்தை என் மகள் என்றே அடித்துச் சொல்கிறது. திருத்தவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

இம்மிச் தானாக அப்டேட் ஆகட்டும் என்று விட்டது என் தப்பு. 2025 அக்டோபரில் 2.0 வரும்வரை அது நிலைத்த பதிப்பே இல்லை. குறிப்பைப் படித்துவிட்டு ஏற்றவேண்டிய மென்பொருள். ஒரு காலையில் டேட்டாபேஸ் திறக்கவில்லை. படங்கள் டிஸ்க்கில் சாதாரண ஃபைல்களாகவே கிடந்ததால் பிழைத்தேன்.

வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து பார்த்தேன், பலிக்கவில்லை. இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருந்தது. 100.64 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால் அதுதான் கதை. வெளியிலிருக்கும் போனை வீட்டு மெஷினோடு தனிப்பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டுப் பத்து நிமிஷத்தில் முடிந்தது. கூகுள் டிரைவ் மாதிரி ஃபைல் வைக்கும் நெக்ஸ்ட்கிளவுட் ஆறு மாதம் ஓடியது, யாரும் தொடவில்லை, எடுத்துவிட்டேன். மெயில் சர்வர் பக்கம் போகவே இல்லை.

காசு மிச்சம் என்று யாரும் இறங்காதீர்கள். கூகுளில் 100 ஜிபிக்கு வருஷம் 1,300 ரூபாய். மினி பிசி, இரண்டு டிஸ்க், செத்த கார்டுகள் எல்லாம் கூட்டினால் பத்து வருஷச் சந்தாவைத் தாண்டிவிட்டது.

வீட்டில் அதிகம் திட்டு வாங்கித் தந்தது பை-ஹோல். வீட்டின் இணைய முகவரித் தேடலெல்லாம் அதன் வழியே போகும், விளம்பர முகவரிகளை அது மறித்துவிடும். செய்தித் தளங்களின் விளம்பரத்தை அருமையாக மறைக்கும். யூடியூபில் பலிக்காது, விளம்பரமும் வீடியோவும் ஒரே இடத்திலிருந்து வருவதால். ஆனால் அது படுத்தால் வீட்டுக்கே நெட் இல்லை. நான் ஆபீஸில் இருக்கும்போதுதான் படுக்கும். "ஏங்க, நெட் வரல" என்று போன். ஸ்டாண்டின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன்: முதலில் ரவுட்டரை அணைத்துப் போடு, பிறகு கறுப்புப் பெட்டி, ஐந்து நிமிஷம் பொறு. போன வாரம் பார்த்தால் அதன் கீழே பென்சிலில் நாலாவதாக ஒரு வரி, அவள் கையெழுத்தில்: 'மொபைல் டேட்டாவை ஆன் செய்.'