1,18,000 ரூபா போச்சு. சின்ன பட்ஜெட்ல படம் எடுத்துட்டு ஓடிடிக்கு அலையிறவங்க தயவுசெஞ்சு படிங்க

"உங்க படத்த ஓடிடில நாங்க ஏத்தித் தர்றோம்"னு சொல்ற ஒரு இடைத்தரகு கம்பெனி எங்ககிட்ட 1,18,000 ரூபா வாங்கிட்டு ஏமாத்திருச்சு. பேரு இப்ப போடல, வக்கீல் போட வேணாம்னுட்டாரு. கிறிஸ்துமஸ் இப்பதான் முடிஞ்சிருக்கு, வயிறு இன்னும் எரியுது, அதோடயே எழுதுறேன்.

நாங்க ராமநாதபுரம் ஜில்லா, தங்கச்சிமடம் பக்கம். எடுத்தது ஒரு பேய்ப்படம், கதை பூரா டிசம்பர் 24 ஒரே ராத்திரி. கேரல் பாடப் போற பசங்க எட்டு பேரு, வீடு வீடா பாடிட்டு கடக்கரைத் தெருவுக்கு வரும்போது ஒம்பதாவதா ஒரு குரல் கூட பாட ஆரம்பிக்கும். இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு அதுக்கு மேல சொல்லவே வேணாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடியே போச்சு, பாம்பன்லேர்ந்து போன பாசஞ்சர் ரயிலயும் கடல் கொண்டு போயிருச்சு, அதுக்கப்புறம் மூணாம் நாள் கிறிஸ்துமஸ். எங்க பாட்டிக்கெல்லாம் வாசல்ல ஸ்டார் கட்டுற நேரம் வந்தாலே அந்தப் பேச்சும் வந்துரும். அதுலேர்ந்து வந்த கதை இது, எவன் படத்தயும் பாத்து எடுத்தது இல்ல.

தடைக்காலத்துலதான் ஷூட் பண்ணோம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாதுல்ல, அந்த 61 நாள்ல ஊர்ல சும்மா இருந்த ஆளுங்கதான் நடிச்சது, லைட்டு புடிச்சது, சோறு ஆக்குனது எல்லாம். மே மாச வெக்கைல குடில் வச்சு, ஸ்டார் கட்டி, கிறிஸ்துமஸ் தாத்தா டிரஸ்ஸுக்குள்ள எங்க அண்ணன் ஒருத்தர் வேர்த்து ஊத்த விடிய விடிய நின்னாரு. ஒத்தக் காசு வாங்கல அந்த மனுசன்.

இப்ப அந்த கம்பெனி ஆளுக்கு வர்றேன். வீடியோ கால்ல வந்தான், பின்னாடி செவுத்துல பட போஸ்டரா ஒட்டியிருந்துச்சு, நல்ல சட்டை, "பிரதர் பிரதர்"னு பேச்சு. கிறிஸ்துமஸ் பேய்ப்படத்துக்கு வெளிநாட்டுல தனி ஆடியன்ஸே இருக்கு, தமிழ்ல யாரும் இத தொடல, 24 நைட்டு கரெக்டா இறக்கிரலாம்னான். அதுக்கெல்லாம் நாங்க மயங்கல. அடுத்து ஒண்ணு சொன்னான் பாருங்க, "பிரதர், பாடுறது எட்டு பேரு, ஆனா குரல் ஒம்பது கேக்குதே, அந்த எடத்துல எனக்கு முடி நட்டுக்கிச்சு"ன்னான். அந்த ஒம்பதாவது குரல பின்னாடி ஸ்பீக்கர்ல மட்டும், அதுவும் ரொம்ப சன்னமா வச்சு மிக்ஸ் பண்ணிருந்தோம், எங்க ஊர்லயே பாதிப் பேருக்குப் புடிபடல. இவன் புடிச்சுட்டானேன்னு எங்க எடிட்டர் தம்பிக்கு கண்ணு கலங்கிருச்சு. அன்னிக்கே பணம் போட்டோம். ஒரு லட்சம் ஃபீஸு, 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 18,000, மொத்தம் 1,18,000. அதுல இருபதாயிரம் எங்க சித்தி கடல்பாசி எடுத்து சேத்த காசு. பாறைல கால் கிழியாம இருக்க துணி சுத்திக்கிட்டு, இடுப்பளவு தண்ணில முங்கி முங்கி எடுத்த காசுங்க அது.

பெறகுதான் எங்க தம்பி அந்த பிரைவேட் லிங்க்க தொறந்து பாத்தான். படம் பாக்க அந்த கம்பெனிக்காரனுக்குன்னு தனியா நாங்க அனுப்புன லிங்க்கு. பிளே ஆன கணக்கு சைபர். ஒரு தடவ கூட படத்த ஓட விடல. எட்டு பேரு, ஒம்பது குரலுங்கறது நாங்க அனுப்புன சினாப்சிஸ்ல, அதான் கதைச் சுருக்கத்துல, மூணாவது பாராவுல இருக்கு. அத படிச்சுட்டு முடி நட்டுக்கிச்சாம் அவனுக்கு!

அப்புறம் ஒரே சாக்குதான். சவுண்டு க்யூசில, அதான் தரம் பாக்குற எடத்துல, நின்னுருச்சு பிரதர்னான், சரி பண்ணி அனுப்புனோம். சப்டைட்டில் சிங்க் ஆகலன்னான், அதயும் பண்ணோம். டிசம்பர் பொறந்ததும் "பிரதர்" போயி "சார்" ஆயிருச்சு, டெக்னிக்கல் டீம் கிட்ட கேட்டு சொல்றேன் சார். கடைசியா சென்சார் சர்டிபிகேட் இல்லாம போட முடியாது, இன்னும் 35,000 கட்டுங்கன்னு நின்னான். ஓடிடிக்கு சென்சார் போர்டு சர்டிபிகேட்டே தேவ இல்ல, 2021 ஐடி ரூல்ஸ் படி வயசு ரேட்டிங்க அந்தந்த ஓடிடியே போட்டுக்கணும், தியேட்டருக்குத்தான் சென்சார். இத சொன்னதும் ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. சென்னைல இருக்குற எங்க மச்சான் அட்ரஸ தேடிப் போனா, அது நாளு வாடகைக்கு டேபிள் விடுற எடம், அப்படி ஒரு ஆளையே தெரியாதுன்னுட்டாங்க.

24 ராத்திரி பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல ஜனம் கலையவே இல்லங்க. நடிச்சவங்க, அவங்க புள்ளைங்க, எல்லாம் ஃபோன வச்சுக்கிட்டு படத்துப் பேர அடிச்சு அடிச்சு தேடுறாங்க. சித்தி எங்கிட்ட வந்து "நெட்டு வீக்கா இருக்கோ தம்பி"ன்னு கேட்டாங்க. நான் என்னத்த சொல்ல.

1,18,000 போனது ஒரு பக்கம். அக்ரிமென்ட்ல "காலவரையின்றி, உலகம் முழுக்க" உரிமை அவனுக்குன்னு ஒரு வரி இருக்கு, அதனால வேற எவனும் இப்ப படத்த தொட மாட்டேங்குறான்.

டிப்ஸ் விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல, முக்கியமானத மட்டும் சொல்றேன். ஜிஎஸ்டி நம்பர வாங்கி கவர்ன்மென்ட் போர்ட்டல்ல போட்டுப் பாருங்க, இவனுது எப்பவோ கேன்சல் ஆனது. ஓடிடிலேர்ந்து எழுத்துல ஓகே வராம பணம் போடாதீங்க. அக்ரிமென்ட்ல எத்தன வருசம், எந்தெந்த நாடுன்னு எழுதச் சொல்லுங்க. 1957 காப்பிரைட் சட்டம் 19ஆவது பிரிவுல, அத எழுதலன்னா அஞ்சு வருசம், இந்தியா மட்டும்னுதான் கணக்கு, அதனாலதான் இவனுங்க "காலவரையின்றி"ன்னு நைஸா எழுதி வக்கிறானுங்க. வக்கீல் சொன்னது இது. பணம் போன உடனே சைபர் மோசடிக்குன்னு இருக்குற 1930 நம்பருக்கு ஃபோன் அடிங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நாளைக்கு ராமநாதபுரம் சைபர் கிரைம்ல மனு குடுக்கப் போறோம். "எட்டு பேரு, ஒம்பது குரலு"ன்னு இல்லாட்டியும், உங்க படத்துலேர்ந்து ஒரு சீன சொல்லி முடி நட்டுக்கிச்சுன்னு எவனாச்சும் பேசி காசு வாங்கிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, உங்க பேரயும் மனுல சேத்துக்குறோம்.