காவல்கிணறில் திரும்புவதா, கணவாயில் நுழைவதா?

ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. காவல்கிணறுவரை வெயில் சுள்ளென்று அடிக்கும். முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி ஆரல்வாய்மொழிக்குள் நுழைந்ததும் ஜன்னலை மூடச் சொல்லிக் குரல் எழும். மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. இந்தப் பக்கம் மழை மறைவுப் பூமி. பஸ் பயணிக்குச் சட்டை நனைவதோடு போயிற்று. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சிறு செஸ்னா விமானத்தில் கிளம்பிய தனியார் விமானிக்கு அப்படிப் போகாது.

நேர்கோட்டில் போனால் 1,600 மீட்டரைத் தாண்டிய மலைகள் குறுக்கே நிற்கும். எனவே தெற்கே வளைந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வருவார். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் உரிமம் இல்லாதவர் தரையும் அடிவானமும் தெரிய வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டவர். பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வைத்தூரம் கேட்கிறார்கள். தாராளமாகத் தோன்றும் இந்தத் தூரம், 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் இரண்டு நிமிடம்கூட இல்லை.

எதிரே சாம்பல் சுவர். இனி என்ன செய்வது?

பலரையும் இழுப்பது மேகத்துக்குக் கீழே பதுங்கிப் போகும் வழி. சாலை தெரிகிறது, அதைப் பிடித்துக்கொண்டு போனால் நாகர்கோவில் வந்துவிடும் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் கணவாயை நெருங்க நெருங்கத் தரை உயரும், மேகம் இறங்கும். நடுவில் மிஞ்சும் இடைவெளியில் காற்றாலைகள். புதியவற்றின் இறக்கை நுனி 100 மீட்டருக்கு மேல் எழும். போதாததற்கு மின்கம்பிகள். காற்றாலைகளை அங்கே கொண்டுவந்த அதே மேல்காற்று, கணவாயில் பிதுங்கி வெளியேறி மலையின் கிழக்குச் சரிவில் சுழன்று விமானத்தை உலுக்கும். பழைய எஞ்சின் என்றால் ஈரக்காற்றில் வேகம் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் பனி கட்டலாம், நம் ஊர் வெப்பத்திலும்! திரும்பிவிடலாம் என்றால் அதற்கும் இடம் வேண்டும்: நிமிடத்துக்கு அரைவட்டம் போடும் வழக்கமான திருப்பத்துக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலம் தேவை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததற்கு, எதிர்பாராத வானிலை மாற்றத்தால் மேகத்துக்குள் நுழைந்து விமானி தடுமாறியதே காரணம் என்றது விசாரணைக் குழு. அது தேர்ந்த ராணுவ விமானி ஓட்டியது. வார இறுதியில் பறப்பவர் எந்த மூலைக்கு?

மேலே ஏறிவிடுவது? மேகத்துக்கு மேல் வெயில் உண்டு, அழகும் உண்டு. இறங்க ஓட்டை உண்டா என்பதுதான் கேள்வி. பருவமழைக் காலத்துத் திருவனந்தபுரத்தில் அந்த ஓட்டையை நம்பி எரிபொருளைச் செலவழிப்பவரை நான் துணிச்சல்காரர் என்று சொல்ல மாட்டேன்.

கடல் வழியாகக் குமரிமுனையைச் சுற்றுவது கேட்க நன்றாயிருக்கிறது. மலை இல்லை, கம்பி இல்லை. ஆனால் மூட்டத்தில் கடலும் வானும் ஒரே நிறமாகிவிட்டால் அடிவானம் காணாமல் போகும். 1999 ஜூலையில் ஜான் எஃப். கென்னடியின் மகன் இரவு மூட்டத்தில் அட்லாண்டிக் கடல்மேல் பறந்து விழுந்தது அப்படித்தான். முனையைத் தாண்டியதும் அதே மேற்குக் கடற்கரை மழைதான் காத்திருக்கிறது. சுற்றியது வீண்.

வயலில் இறக்குவது கடைசிக் கை. அதற்கும் கணவாயின் மேற்கே வாய்ப்பு மோசம்: நாஞ்சில் நாட்டு வயலில் தண்ணீர் நின்றால் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும், வயல் இல்லாத இடமெல்லாம் தென்னை, வாழை, ரப்பர்.

மிஞ்சுவது திரும்பிப் போவது. எனக்கு இதுதான் முதல் வழி, அதுவும் மேகத்துக்குள் போவதற்கு முன்னால். 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சியில்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாதபடி பறக்கவைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில். சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சற்று நேரத்தில் உள்காது அதை நேர்ப்பறப்பு என்று நம்பிவிடும், அதுதான் சூழ்ச்சி. அதன்பின் கருவியைப் பார்த்து மெல்லத் திரும்பும் ஒரே ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்துச் சோதித்ததில், 60 முயற்சிகளில் 59 பத்திரமாக முடிந்தன.

திரும்பத் தடுப்பது பெரும்பாலும் வெட்கம்தான். பக்கத்து இருக்கையில் மாமா மகன் இருந்தால் கேட்கவே வேண்டாம். அவன் சிரித்தால் சிரிக்கட்டும். காவல்கிணறின் மேலேயே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால் வாகைக்குளம் 25 நிமிடத்துக்குள். வரும்போது முகத்தில் அடித்த மேல்காற்று இப்போது முதுகைத் தள்ளும்.