அலமாரியில் ஏழு ஆண்டுகளாக ஓர் அவசரகாலப் பை

அரசு வெளியிட்ட குடிமைப் பாதுகாப்புக் கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவர் எங்கள் குடியிருப்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு படிக்க எதுவும் கைக்குக் கிடைக்காத ஒரு விடுமுறை நாளில் அதைப் படித்தேன். அன்று மாலையே பழைய பயணப் பை ஒன்றைத் தட்டி எடுத்து, பட்டியலில் இருந்ததையெல்லாம் திணித்து வைத்தேன். “எந்தப் போருக்குக் கிளம்புகிறீர்கள்?” என்று மனைவி கேட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய சால்வை ஒன்றை மடித்துக் கொண்டுவந்து பையின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பையும் கையேட்டின் அறிவுரைகளும் உண்மையாகவே தேவைப்பட்டது மூன்று முறை.

முதல் முறை முழுத் தோல்வி. நள்ளிரவில் மின்சாரம் போனது. மார்தட்டிக்கொண்டு அலமாரியைத் திறந்து டார்ச்சை எடுத்து அழுத்தினேன். எரியவில்லை. மூடியைத் திருகினால் திரும்பவும் இல்லை. பல்லைக் கடித்துத் திறந்தபோது உள்ளே வெள்ளையாகப் பூத்த உப்புப் படலம், அரித்துப்போன ஸ்பிரிங், கையில் பிசுபிசுப்பு. அல்கலைன் பேட்டரி கிடக்கக் கிடக்கத் தீர்ந்துகொண்டே வரும். தீரும்போது உள்ளே ஹைட்ரஜன் வாயு சேரும். அந்த அழுத்தத்தில் அடைப்பு விட்டுப்போய்க் காரத் திரவம் கசிந்துவிடும். “டார்ச், கூடுதல் பேட்டரி” என்று எழுதிய கையேடு, பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு ஆண்டுக்கணக்கில் வைக்காதே என்று எழுதவில்லை. அரை வரி போதும், எழுதியிருக்கலாம். இப்போது டார்ச் தனியாக, பேட்டரி தனியாக, இரண்டையும் ஒரு ரப்பர் வளையத்தில் கட்டி வைத்திருக்கிறேன். மகள் கண்ணை மூடிக்கொண்டு பத்து நொடியில் பொருத்திவிடுவாள். அது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

இரண்டாம் முறை தண்ணீர். குழாய் இரண்டு நாள் வறண்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதில் அரசுகளே ஒரு குரலில் பேசுவதில்லை. அமெரிக்க அரசு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 3.8 லிட்டர் என்கிறது. பிரிட்டன் குடிக்க மட்டும் இரண்டரை முதல் மூன்று லிட்டர், சமையலும் சுத்தமும் சேர்த்துச் சற்று வசதியாக இருக்க 10 லிட்டர் என்கிறது. நான் ஆளுக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 48 லிட்டர். தாளில் சின்ன எண்தான். வீட்டுக்குள் வந்தால் அது 48 கிலோ. முதலில் 20 லிட்டர் கேன்களில் வைத்திருந்தேன். அம்மாவால் அசைக்கக்கூட முடியவில்லை. சாய்த்து ஊற்றும்போது என் கையிலிருந்தே ஒரு முறை நழுவிப் பாதித் தண்ணீர் தரையில் ஓடியது. பிறகுதான் 5 லிட்டர் கேன்களுக்கு மாறினேன். கழிப்பறைக்கு ஆகும் தண்ணீரைப் பற்றியும் அந்தப் பட்டியலில் ஒரு சொல் இல்லை. இரண்டு நாளில் எங்களைத் திணறடித்தது குடிநீர் அல்ல, அதுதான்.

மூன்றாம் முறைதான் உண்மையான தேர்வு. புயலுக்குப் பிறகு மூன்றரை நாள் மின்சாரம் இல்லை.

பட்டியலில் நான் அதிகம் கேலி செய்த பொருள் பேட்டரியில் ஓடும் ரேடியோ. கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்திருந்தேன். முதல் நாள் காலையில் கைப்பேசியில் சிக்னல் முழுதாக இருந்தது, ஆனால் எந்த அழைப்பும் போகவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் வலையமைப்பு அடைத்துக்கொள்கிறது. குறுஞ்செய்திக்குத் தேவைப்படும் இடம் மிகக் குறைவு என்பதால் அது மட்டும் தாமதித்தாவது போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து சிக்னலே போய்விட்டது. அதன் பின் எங்கள் மாடிக்கே செய்தி சொன்னது அந்தக் கையடக்க ரேடியோதான். படிக்கட்டில் அதை வைத்துவிட்டு ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நேரத்தில் இருண்டபோது, அங்கே கடைகளில் பேட்டரி ரேடியோக்கள் மளமளவென்று விற்றுத் தீர்ந்ததாகப் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை.

அதே நாட்களில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. எதிர்வீட்டுப் பெரியவர் எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரை வாங்கி வந்து, மழை படாமல் இருக்கட்டும் என்று நடைபாதைக்குள்ளேயே வைத்து ஓட்டப் போனார். “ஐயா, இது உள்ளே வேண்டாம்” என்றேன். “சன்னலைத் திறந்துதானே வைத்திருக்கிறேன், தம்பி” என்றார். கையேட்டில் வெறும் “வீட்டுக்குள் ஜெனரேட்டர் இயக்காதீர்” என்று மட்டும் இருந்திருந்தால் நான் அத்தோடு வாயை மூடியிருப்பேன். நல்ல வேளையாக அந்த ஒரு பத்தியில் காரணமும் இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. திறந்த சன்னல் அதற்குப் போதாது. தலைவலி வந்து, தூக்கம் வருவது போல இருந்து, ஆள் அப்படியே எழாமல் போய்விடுவார். இதைச் சொன்னதும் அவரே முன்பக்கச் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினார். மழை படாமல் முற்றத்தின் தூரத்து மூலையில் நின்ற, சுவர்கள் இல்லாத திறந்த கொட்டகைக்குக் கொண்டுபோனோம்.

ஏழு ஆண்டில் இந்த அறிவுரைகளை நான் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான். காரணத்தோடு சொன்னது எனக்கு உதவியது. கட்டளையாக மட்டும் சொன்னது, நிலைமை சற்று மாறியதும் கையில் ஒட்டவில்லை. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம், நிறைந்த ஃப்ரீசர் என்றால் 48 மணி நேரம் குளிர் தாங்கும் என்று எழுதியிருந்ததால், எதை முதலில் சாப்பிட்டு முடிப்பது என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொண்டோம். வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைச் சாய்க்கும், 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும் என்று படித்த பிறகு, தெருவில் ஓடும் தண்ணீரை என் கண் பார்க்கும் விதமே வேறு.

காரணம் தெரியாமல் கீழ்ப்படிவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் என் மனத்தை விட்டுப் போவதே இல்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீப்பிடித்த தகவல் இரவு 12.54க்குக் கிடைத்தது. குடியிருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்ற அறிவுரை விலக்கப்பட்டது 2.47க்கு. 72 பேர் இறந்தார்கள். அந்த அறிவுரை முட்டாள்தனமானது அல்ல. தீ ஒரே வீட்டுக்குள் அடங்கும் கட்டடத்தில் அது மிகச் சரியானது. அங்கே தீ வெளிச்சுவரின் பூச்சுப் பலகையில் ஏறிவிட்டது. அறிவுரை நின்றிருந்த தரையே பெயர்ந்துவிட்டது.

மற்றொன்று 2011 மார்ச் 11, ஜப்பான். இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளி, அபாய வரைபடத்தின்படி சுனாமி எட்டாத இடத்தில் இருந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு பிள்ளைகள் ஏறத்தாழ 50 நிமிடம் பள்ளி முற்றத்திலேயே நின்றார்கள். பின்னால் குன்று இருந்தது. அதில் ஏறவில்லை. சுனாமி வந்து 74 பிள்ளைகளைப் பலிகொண்டது. அதே கடற்கரையின் வடக்கே கமாய்ஷியில், வரைபடத்தை நம்பி நிற்காதே என்றே பள்ளிகளில் பழக்கியிருந்தார்கள். பிள்ளைகள் முதலில் குறித்துவைத்த இடத்துக்கு ஓடினார்கள். அங்கே மலைச்சரிவு இடிந்து விழுவதைப் பார்த்ததும் இன்னும் மேலே ஓடினார்கள். அவர்கள் விட்டுவந்த இடத்தில் பிறகு தண்ணீர் ஏறியது.

சிரிப்புக்கு ஆளான அறிவுரைகளையும் இப்போது நான் அவசரப்பட்டுத் தள்ளுவதில்லை. 1950களில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு, வெளிச்சம் தெரிந்தால் மேசைக்கடியில் பதுங்கு என்று ஒரு கார்ட்டூன் ஆமையை வைத்துப் பாடம் நடத்தினார்கள். அணுகுண்டுக்கு மேசையா என்று உலகமே சிரித்தது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோது வெளிச்சம் முதலில் வந்தது, அதிர்வலை நகருக்கு வந்து சேர இரண்டு நிமிடத்துக்கும் மேலாயிற்று. என்ன வெளிச்சம் என்று சன்னலருகே போய் நின்றவர்களைத்தான் கண்ணாடி கிழித்தது. ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். அந்த ஊர் ஆசிரியை ஒருவர் தன் வகுப்புப் பிள்ளைகளை மேசைக்கடியில் பதுங்கச் சொன்னார். அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை, நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் காயம். ஒளி முதலில் வரும், அலை பின்னால் வரும் என்ற ஒரு வாக்கியத்தை அன்றே சேர்த்துச் சொல்லியிருந்தால் அவ்வளவு சிரிப்பு எழுந்திருக்காது. அதற்காக எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிட மாட்டேன். 1980இல் பிரிட்டன் அரசு, கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து அதனடியில் குடும்பத்தோடு ஒண்டி அணுப்போரைக் கடக்கலாம் என்று கையேடு போட்டது. அதைப் படித்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

குறைகள் என்று உட்கார்ந்தால் நிறைய. கையேட்டை எழுதியவர் மனத்தில் இருந்த குடும்பத்தில் எல்லோரும் திடகாத்திரமானவர்கள், எல்லோருக்கும் காது கேட்கும், எல்லோரும் சொந்த வீட்டில் தாராளமாக இடம் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளை நான் பையில் வைத்தேன். ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் விட்டதில் அத்தனையும் காலாவதி. மூக்குக் கண்ணாடி என்பது பட்டியலிலேயே கிடையாது. கண்ணாடி இல்லாத அம்மாவுக்கு அந்த மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்கவும் முடியாது. “மூன்று நாள்” என்ற கணக்கும் ஆட்டம் காண்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் 72 மணி நேரம் என்றது. 2024இல் ஸ்வீடன் வீடுதோறும் அனுப்பிய கையேடு ஒரு வாரம் என்கிறது. எங்கள் மூன்றரை நாளில், நான்காம் நாள் காலைதான் மிகவும் நீளமாக இருந்தது.

கடைசியாகப் பையைப் பிரித்து அடுக்கியது போன மாதம். அம்மாவின் பழைய கண்ணாடி ஒன்று, மருந்துச் சீட்டின் நகல், தொலைபேசி எண்கள் எழுதிய தாள். தாளை மகள் புதிதாக எழுதித் தந்தாள். எண்களுக்குக் கீழே, “சந்திக்கும் இடம்: நூலகப் படிக்கட்டு, மூடியிருந்தால் எதிரே உள்ள மரம்” என்று அவளே சேர்த்திருக்கிறாள். மரம் விழுந்திருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.